மன்னிப்பு கேட்பதில் யார் தேவலாம்? சிபிஎஸ், என்பிசி, சிஎன்என், பிபிசி திருத்தங்கள்: ஒரு மதிப்பாய்வு

தவறான செய்தி ஒளிபரப்பாகிவிட்டால் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் பார்வையாளருக்கு என்ன தருகிறது? திருத்தம், மன்னிப்பு, விசாரணை அறிக்கை, சிலரின் ராஜினாமா. இதையும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடலாம். எத்தனை நாளில் ஒப்புக்கொண்டார்கள், செய்தியைச் சொன்ன அதே முகம் அதே நிகழ்ச்சியில் வந்து சொன்னதா, எந்த வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொன்னார்களா, விசாரித்தவர் வெளியாளா உள்ளாளா, அவருடைய அறிக்கை பொதுமக்கள் கைக்கு வந்ததா. இவற்றை வைத்துத்தான் கீழே மதிப்பெண். அழுத குரலுக்கும் சோகமான முகத்துக்கும் மதிப்பெண் கிடையாது.

முதலில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ், 2004. இந்தத் துறையில் இதைவிட விரிவாகப் பதிவான தவறு அபூர்வம் என்பதால் இதற்கே அதிக இடம்.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். செப்டம்பர் 8 அன்று ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியின் புதன்கிழமைப் பதிப்பில், சிபிஎஸ் மாலைச் செய்தியின் தொகுப்பாளர் டான் ராதர் சில குறிப்பாணைகளைக் காட்டினார். டெக்சாஸ் வான் தேசியக் காவற்படையில் இருந்தபோது மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொன்ன உத்தரவை அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ் மீறினார், அவரைப் பற்றிய மதிப்பீட்டை மென்மையாக எழுதச் சொல்லி மேலிடத்து அழுத்தம் வந்தது என்று அவை சொல்லின. எழுதியவராகச் சொல்லப்பட்ட, காவற்படையில் புஷ்ஷின் அதிகாரியாக இருந்த ஜெர்ரி கில்லியன் 1984-லேயே இறந்துவிட்டார். முதல் இரண்டு தாள்கள் தயாரிப்பாளர் மேரி மேப்ஸ் கைக்கு வந்தது செப்டம்பர் 2. மற்றவை 5-ஆம் தேதி. கடைசித் தாள்கள் வந்த மூன்றாம் நாள் ஒளிபரப்பு.

அந்த இடைவெளியில் சரிபார்ப்பு நடக்காமல் இல்லை. நடந்தது, ஆனால் ஒவ்வொரு படியிலும் கிடைத்ததைவிடப் பெரிதாக எழுதிக்கொண்டார்கள். கையில் இருந்தவை எல்லாம் நகல்கள். நகலில் மையின் வயதைப் பார்க்க முடியாது, தாளின் வயதைப் பார்க்க முடியாது, பேனா அழுத்திய தடமும் இருக்காது. உண்மையான தாளிலிருந்து கையெழுத்தை மட்டும் வெட்டி ஒட்டி நகலெடுத்தால் அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். நான்கு ஆவண நிபுணர்களிடம் கேட்டார்கள். இரண்டு பேர் ஒளிபரப்புக்கு முன்பே சந்தேகம் எழுப்பினார்கள். நிகழ்ச்சியில் காட்டப்பட்ட நிபுணர் பார்த்தது கையெழுத்தை மட்டும்தான். பார்வையாளர் காதில் விழுந்ததோ, ஆவணங்கள் நிபுணரால் சரிபார்க்கப்பட்டவை என்று.

கில்லியனின் மேலதிகாரியிடம் தொலைபேசியில் வாசித்துக்காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். வாசிக்கக் கேட்டபோது கையால் எழுதிய குறிப்புகள் என்றே நினைத்துக்கொண்டதாகவும், தாள்களைப் பார்த்த பிறகு அவற்றை நம்பவில்லை என்றும் அவர் பிற்பாடு சொன்னார். தொலைபேசியில் வாசித்தால் உள்ளடக்கம் பற்றி மட்டுமே கருத்துக் கிடைக்கும். தாள் உண்மையா என்பதற்கு அது சாட்சி ஆகாது. செய்தி மேசையில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். வெள்ளை மாளிகைக்கு ஒளிபரப்பு நாளன்றுதான் நகல் போனது. அவர்கள் போலி என்று உடனே சொல்லவில்லை. மறுக்காததையே உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொண்டார்கள். சில மணி நேரம் முன்பு ஒரு தாளைப் பார்த்த அலுவலகம், முப்பது ஆண்டு பழைய கோப்பைத் தேடி எடுத்து ஒப்பிட்டா பதில் சொல்லியிருக்கும்?

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை, தாள்கள் வந்த வழி. கொடுத்தவர் முன்னாள் காவற்படை அதிகாரி. தனக்கு இன்னாரிடமிருந்து கிடைத்தது என்று ஒரு பெயரைச் சொன்னார். அந்த ஆளைப் பிடித்துப் பேசாமலேயே ஒளிபரப்பினார்கள். பிறகு நெருக்கிக் கேட்டபோது கொடுத்தவர் கதையை மாற்றினார். வேறொரு பெயர் வந்தது.

இணையத்தில் சண்டை எழுத்துருவைப் பற்றித்தான் நடந்தது. எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும் அச்சு, எண்ணுக்குப் பக்கத்தில் மேலே ஏறி நிற்கும் சின்ன எழுத்துகள், இன்றைய கணினியில் தட்டினால் அப்படியே பொருந்திப்போகும் வரிகள். அப்படி அடிக்கும் தட்டச்சுப்பொறிகள் அந்தக் காலத்திலும் இருந்தன என்று மறுதரப்பு வாதாடியது. இருந்தன, உண்மைதான், அது அந்த அலுவலகத்தில் இருந்ததா என்பதே கேள்வி. ஆனாலும் அச்செழுத்து விவாதம் ரசிக்கத் தக்கதே தவிர இரண்டாம்பட்சம். தாள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று சொல்ல முடியாதபோதே அது ஒளிபரப்பத் தகுதியில்லாதது.

சரி, தவறு இது. சேவை எப்படி இருந்தது? 10-ஆம் தேதி ராதர் மாலைச் செய்தியில் அந்தக் கையெழுத்து நிபுணரையே மறுபடி உட்காரவைத்துத் தன் செய்தியைத் தூக்கிப்பிடித்தார். 15-ஆம் தேதி கில்லியன் அலுவலகத்தின் முன்னாள் செயலாளரைப் பேட்டி எடுத்தார்கள். ‘இவற்றை நான் தட்டச்சு செய்யவில்லை, ஆனால் இதில் உள்ள விஷயம் அவர் எண்ணத்தோடு ஒத்துப்போகிறது’ என்ற பொருளில் அவர் பேசினார். சிபிஎஸ் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. ஆவணம் போலியாக இருந்தாலும் செய்தி நிஜம் என்ற வாதம் அங்கே பிறந்தது. ஆவணத்தைக் காட்டித்தான் செய்தியை விற்றோம் என்பதை அது வசதியாக மறந்துவிடுகிறது. 20-ஆம் தேதிதான், ஆவணங்கள் உண்மையானவை என்று நிரூபிக்க முடியவில்லை, பயன்படுத்தியிருக்கக் கூடாது என்ற அறிக்கையும் ராதரின் மன்னிப்பும் வந்தன. பன்னிரண்டு நாள். நற்பெயர் போனது இந்தப் பன்னிரண்டு நாளில்தான். 8-ஆம் தேதி இரவோடு நின்றிருந்தால் அது ஒரு பெரிய பிழை, அவ்வளவே.

அதற்குப் பிறகு வந்த விசாரணை தரமானது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் டிக் தோர்ன்பர்க், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் லூயிஸ் பொக்கார்டி ஆகிய இரண்டு வெளியாட்கள் விசாரித்தார்கள். 224 பக்க அறிக்கை 2005 ஜனவரி 10 அன்று முழுமையாக வெளியானது. ஆவணங்கள் போலி என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. அரசியல் சார்பே காரணம் என்றும் சொல்லவில்லை. இரண்டு தரப்பு ரசிகர்களுக்கும் இது ஏமாற்றம். கிடைத்த சான்றுக்கு மேல் ஒரு வரிகூடப் போகாமல் இருந்ததுதான் அந்த அறிக்கையின் பலம். விசாரிக்கப்பட்ட நிகழ்ச்சியிடம் இல்லாதுபோனதும் அதே குணம்தான்.

தண்டனையில் கணக்கு இடிக்கிறது. மேப்ஸ் நீக்கப்பட்டார், மூன்று மூத்த நிர்வாகிகளை விலகச் சொன்னார்கள். ராதர் 2005 மார்ச் 9 அன்று மாலைச் செய்தியிலிருந்து இறங்கினார். செய்திப் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ ஹேவர்ட் அப்போதைக்குத் தப்பினார். சோர்ஸையும் (தகவல் தந்தவரையும்) நிபுணர்கள் சொன்னதையும் மறுபடி பாருங்கள் என்று 10-ஆம் தேதியே அவர் உத்தரவு போட்டிருந்தார், அது உடனே நிறைவேறவில்லை என்பது அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. உத்தரவு நிறைவேறியதா என்று கேட்காத தலைவருக்கு இது சாதகமா என்பது தனிக் கேள்வி. விசாரணைக்கு 10-க்கு 9. முதல் பன்னிரண்டு நாளுக்கு 2.

அதே சிபிஎஸ், 2013. 2004 பாடத்துக்குப் பிறகு செய்தி நெறிமுறைகளுக்கென்றே தனிப் பொறுப்பாளர் பதவி உருவாக்கியிருந்தார்கள். இருந்தும் அக்டோபர் 27 அன்று ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் செய்தியாளர் லாரா லோகன், லிபியாவின் பெங்காசியில் 2012-ல் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்ட இரவைப் பற்றி ஒரு பாதுகாப்பு ஒப்பந்தக்காரரைப் பேசவைத்தார். சுவரேறிக் குதித்து உள்ளே போனேன் என்றார் அவர். நான்கே நாளில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ குட்டை உடைத்தது: அன்றிரவு வளாகத்தின் அருகில்கூடப் போக முடியவில்லை என்று அவர் பெயரில் அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்குப் போன சம்பவ அறிக்கை சொன்னது. எஃப்பிஐ-யிடமும் அவர் அதே மாதிரிதான் சொல்லியிருந்தார் என்பது நவம்பர் 7 அன்று வெளிவர, மறுநாள் லோகன் மன்னிப்பு கேட்டார். அந்த ஆளின் புத்தகத்தை வெளியிட்டது சிபிஎஸ்-ஸுக்குச் சொந்தமான பதிப்பகம். இதை நிகழ்ச்சியில் சொல்லவே இல்லை.

நவம்பர் 10 நிகழ்ச்சியில் வந்த திருத்தம் சுமார் 90 வினாடி. நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்று சொன்னது. எந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் விட்டோம் என்று சொல்லவில்லை. ஏமாற்றப்பட்டோம் என்ற சொல்லை எந்தத் திருத்தத்தில் கேட்டாலும் உஷாராக வேண்டும், பழி சத்தமில்லாமல் சோர்ஸ் தலைக்கு மாறுகிறது. விசாரணையும் இந்த முறை உள்வீட்டிலேயே. நெறிமுறைப் பொறுப்பாளர் ஆல் ஆர்டிஸ் எழுதினார்; சுருக்கம் மட்டும் வெளியானது. அந்தச் சுருக்கமே போதுமான அளவு கடுமையானதுதான்: எஃப்பிஐ-யிடம் அவர் சொன்ன கதை வேறு என்பதை ஒளிபரப்புக்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றது. லோகனும் தயாரிப்பாளரும் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். அடுத்த ஆண்டு லோகன் திரும்பிவந்தார். 10-க்கு 4.

வேகத்திலும் தெளிவிலும் முதல் மதிப்பெண் என்பிசி-க்கு. ஆனால் முதுகில் வழக்கு விழுந்த பிறகு. 1992 நவம்பரில் அதன் ‘டேட்லைன்’ நிகழ்ச்சி ஜெனரல் மோட்டார்ஸ் பிக்அப் லாரிகளின் பக்கவாட்டு எரிபொருள் டேங்க் மோதலில் தீப்பிடிப்பதாகக் காட்டியது. காட்சிக்காக நடத்திய சோதனையில் தீ கட்டாயம் பிடிக்க வேண்டும் என்று வண்டிக்கு அடியில் பொம்மை ராக்கெட் எஞ்சின்களைப் பொருத்தியிருந்தார்கள். மோதிய லாரிகளையே ஜெனரல் மோட்டார்ஸ் தேடிப்பிடித்து ஆராய்ந்துவிட்டது. 1993 பிப்ரவரி 8 வழக்கு. 9-ஆம் தேதி இரவு அதே நிகழ்ச்சியில் ஜேன் பாலி, ஸ்டோன் பிலிப்ஸ் இருவரும் எது எப்படிப் பொருத்தப்பட்டது என்று நீளமாக வாசித்தார்கள். செய்திப் பிரிவுத் தலைவர் மைக்கேல் கார்ட்னர் மார்ச்சில் பதவி விலகினார். இதில் கசப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அதே வகை லாரி தொடர்பான ஒரு மரண வழக்கில் பிப்ரவரி 4 அன்றுதான் ஜார்ஜியா ஜூரி 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்திருந்தது (பிறகு மேல்முறையீட்டில் அது ரத்தானது). நியாயமான ஒரு பாதுகாப்புக் கேள்வி ஊர் முழுக்கப் பேசப்பட்டிருக்க வேண்டிய வாரத்தில், பேச்செல்லாம் ராக்கெட்டைப் பற்றியே ஆனது. திருத்தத்துக்கு 8.

சிஎன்என் 1998: வியட்நாம் போர்க் காலத்தில் லாவோஸில் அமெரிக்கப் படை நரம்பு வாயு பயன்படுத்தியது என்ற ஜூன் 7 செய்தியை ஜூலை 2 அன்று முழுவதுமாக வாபஸ் வாங்கியது. வழக்கறிஞர் ஃபிளாய்ட் ஏப்ரம்ஸின் அறிக்கை முழுமையாக வெளியானது. உடன் எழுதியவர் சிஎன்என்னின் சொந்த வழக்கறிஞர் என்பதால் ஒரு மதிப்பெண் குறைப்பு. 7.

பிபிசி-யில் இரண்டு. 2012 நவம்பர் 2 ‘நியூஸ்நைட்’, குழந்தைப் பாலியல் கொடுமை வழக்கில் ஒரு மூத்த கன்சர்வேடிவ் பிரமுகரைப் பெயர் சொல்லாமல் குற்றம்சாட்டியது. பெயர் சொல்லாததால் அவரிடம் விளக்கமும் கேட்கவில்லை. பெயரை ட்விட்டர் ஒளிபரப்புக்கு முன்பே ஊகித்துச் சொல்லிவிட்டது: மெக்கால்பைன் பிரபு. புகார் சொன்னவரிடம் மெக்கால்பைனின் புகைப்படத்தைக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பின்னர் பார்த்தபோது இவர் இல்லை என்று புகார் சொன்னவரே சொல்லிவிட்டார். பெயரை மறைத்தால் சட்ட ஆபத்து குறையும் என்ற நம்பிக்கை தப்பு, அடையாளம் தெரிந்தால் அவதூறு அவதூறுதான். ஏழு நாளில் அதே நிகழ்ச்சியில் மன்னிப்பு, 1,85,000 பவுண்டு இழப்பீடு. தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில் மறுநாளே விலகினார். பதவியில் இருந்தது 54 நாள். நிறுவனத்தின் தலைவரே பொறுப்பேற்றது இங்கேதான் நடந்தது. 7.

இன்னொன்று, 1995 டயானா பேட்டி. பிபிசி நிருபர் மார்ட்டின் பஷீர் போலி வங்கிக் கணக்குத் தாள்கள் செய்யவைத்து டயானாவின் சகோதரரிடம் காட்டினார். 1996-ல் பிபிசி தானே விசாரித்து, அவரை நேர்மையானவர் என்று முடிவு கட்டியது. அந்தத் தாள்களை வரைந்துகொடுத்துவிட்டுப் பிறகு எச்சரித்த வடிவமைப்பாளருக்குத்தான் வேலை போனது. ஓய்வுபெற்ற நீதிபதி டைசனின் அறிக்கை 2021 மே 20 அன்று வந்தது. 2021 அறிக்கை நல்ல அறிக்கை. இருபத்தைந்து ஆண்டு தாமதமாக வந்த நல்ல அறிக்கைக்கு 1.

முழுதாகப் படிக்க நேரம் உள்ளவர்களுக்கு தோர்ன்பர்க்–பொக்கார்டி அறிக்கையே சிபாரிசு. ஆரம்பச் சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். செப்டம்பர் 2 முதல் 8 வரை யார் யாரிடம் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, அது ஸ்கிரிப்டில் எப்படி மாறியது என்ற பகுதியை முதலில் படியுங்கள். அடுத்து, 10 முதல் 20 வரையிலான பகுதி. எழுத்துரு பற்றிய இணைப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.