43ஆம் இலக்க பஸ்: டீசலில் பதினொரு வருடம், மின்சாரத்தில் ஆறு வருடம்

இரவு முழுக்கப் பெற்றோல் செட்டில் நின்று டீசல் விற்பேன். விடிந்ததும் டீசலே இல்லாத பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போவேன். மனைவி இதைச் சொல்லிச் சிரிக்காத கிழமை இல்லை. லண்டனுக்கு வந்த எங்கள் பொடியன்களில் அநேகம் பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் பெற்றோல் செட் வேலை வாய்த்திருக்கும். என்னை அது இன்னும் விட்டபாடில்லை.

நான் ஏறுவது 43ஆம் இலக்கம். தெற்கே லண்டன் பிரிட்ஜ், வடக்கே ஃப்ரையன் பார்னட். இடையில் மூர்கேட், ஓல்ட் ஸ்ட்ரீட், ஏஞ்சல், ஹாலோவே ரோட், ஆர்ச்வே, ஹைகேட், மஸ்வெல் ஹில். ஹைகேட் முருகன் கோயிலுக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இந்த இலக்கம் பழக்கமாக இருக்கும். ஆர்ச்வே ரோட்டில் கோயில் வாசலைக் கடந்துதான் போகும். 2008இல் இருந்து வாரத்துக்கு ஐந்து நாள், போக ஒன்று, வர ஒன்று. லண்டனில் முழுக்க மின்சார இரட்டைத் தட்டு பஸ்களே ஓடத் தொடங்கிய முதல் தடம் இது, 2019 ஜூலையில். புதுப் பஸ் வந்த வாரத்தில் எல்லோரும் படம் எடுத்துப் போட்டார்கள். ஆறு வருடம் ஓடிய பிறகு எப்படி இருக்கிறது என்று எழுத ஆளில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் மணம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடை, பெற்றோல் கிடையாது. சூப்பியால் இரண்டு சொட்டுப் பெற்றோலை ஊதி ஸ்டார்ட் செய்துவிட்டு மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் பின்னால் சைக்கிளில் வருகிறவனுக்குக் கண் எரியும். அந்த மூக்கோடு வந்த எனக்கே ஹாலோவே ரோட்டில் காலை எட்டு மணிக்கு நிற்பது பெரும்பாடாக இருந்தது. நாலைந்து பஸ்கள் ஒன்றின் பின் ஒன்றாக எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும். பின்னால் நிற்கிற பஸ்ஸில் ஏற ஓடினால் முன்னால் நிற்கிறவற்றின் புகையைக் குடித்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இப்போது 43 வந்து நின்றால் மணம் இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் கூட்டிச் சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த ரோடு ஏ1, வடக்கே போகிற பெருஞ்சாலை. லொறியும் வானும் காரும் அப்படியேதான் போகின்றன. எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பைத் துடைத்தால் துணி இன்னும் கறுக்கிறது. டயரும் பிரேக்கும் தேய்ந்து வருகிற தூசியை மின்சார பஸ்ஸும் கொஞ்சம் கிளப்பத்தான் செய்யும்.

மூத்த மகனுக்குச் சின்ன வயதில் இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது. பாடசாலைப் பைக்குள் எப்போதும் நீல பம்ப் இருக்கும். அதனால்தானோ என்னவோ, 2020 டிசம்பரில் எலா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமியின் மரண விசாரணைத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. லண்டனின் தெற்கே, லூயிஷமில், சவுத் சர்குலர் ரோட்டுக்கு அருகே வளர்ந்த பிள்ளை. 2013இல் ஒன்பது வயதில் இறந்தாள். இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று இந்த நாட்டில் முதன்முதலாகப் பதிந்தது அவளுக்குத்தான். எங்கள் மகனுக்கு இப்போது பம்ப் தேவைப்படுவதில்லை. பஸ் மாறியதால்தான் சுகமானது என்று சொன்னால் அது பொய். வளர்ந்ததால் விட்டிருக்கலாம்.

சரி, பஸ்ஸுக்குள் வருவோம்.

எனக்கு மிகப் பெரிய மாற்றம் நித்திரையில்தான். டீசல் காலத்தில் ஏஞ்சல் தாண்டும்போதே மேல் தட்டில் கண்ணயர்ந்துவிடுவேன். தலை சாய்த்த கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், இருந்தாலும் தூங்குவேன். ஆர்ச்வேயில் இருந்து ஹைகேட் மேட்டில் ஏறத் தொடங்கும்போது கியர் மாறி எஞ்சின் முக்கும், உடம்பு முழுக்க ஒரு உலுக்கல். அதுதான் என் அலாரம். பதினொரு வருடத்தில் இரண்டே தடவைதான் தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். மின்சார பஸ் வந்த முதல் மாதத்திலேயே மூன்று தடவை ஃப்ரையன் பார்னட் வரை போய்ச் சேர்ந்தேன். மேட்டில் ஏறியதே தெரியாது. கியர் என்று ஒன்று மாறினால்தானே! கடைசித் தரிப்பிடத்தில் சாரதி மேலே வந்து தட்டி எழுப்புவார். இப்போது கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு கீழ்த் தட்டில் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் பழக நாளெடுத்தது. எடுப்பு கடுமை. தரிப்பிடத்தில் நின்றுவிட்டுப் புறப்படும்போது டீசல் பஸ் ஒரு பெருமூச்சு விட்டுத்தான் நகரும், அதற்குள் கம்பியைப் பிடித்துவிடலாம். இது சத்தமில்லாமல் சட்டென்று கிளம்பும். நிறுத்தும்போதும் அப்படியே. பஸ் ஓட்டுகிற எங்கள் ஊர் அண்ணை ஒருவரிடம் கேட்டேன். "தம்பி, பெடலில இருந்து காலை எடுத்தாலே வண்டி தானா பிரேக் பிடிக்கும், அந்த நேரம் பற்றரிக்குக் கொஞ்சம் கரண்ட் திரும்ப வரும். பழகின ஆள் ஓட்டினா உனக்குத் தெரியாது, புதுசு ஓட்டினா தேத்தண்ணி கொட்டும்" என்றார். உண்மைதான். யார் ஓட்டுகிறார்கள் என்பதை இப்போது நான் இரண்டு தரிப்பிடத்துக்குள் சொல்லிவிடுவேன்.

அண்ணை சொன்ன இன்னொரு விஷயம்: டீசல் எஞ்சினில் வீணாகப் போகிற சூட்டையே உள்ளே திருப்பிவிடலாம், அது இலவசச் சூடு. மின்சார பஸ்ஸில் சூட்டுக்கும் பற்றரியில் இருந்துதான் எடுக்க வேண்டும், எடுத்தால் ஓடும் தூரம் குறையும். நான் சில மாரிக் காலைகளில் கையுறையோடு இருந்து வந்திருக்கிறேன். எந்தத் தடம் என்று சொல்லப் போவதில்லை, ஏறி இறங்கிய எல்லா பஸ்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோடையில் மேல் தட்டு சூடு. அது டீசலிலும் சூடுதான். 2022 ஜூலையில் லண்டனில் 40 பாகை தாண்டிய அன்று நான் வேலைக்கு லீவு போட்டேன்.

தீ பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் விம்பிள்டன் ஹில் ரோட்டில் காலை நேரத்தில் ஒரு மின்சார பஸ் எரிந்த படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாரம் சுற்றவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை என்ற வரியை மட்டும் யாரும் சுற்றவிடவில்லை. டீசல் நிரப்புகிற இடத்தில் இரவெல்லாம் நிற்கிற எனக்கு அதைப் பார்த்துப் புதுப் பயம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் காசு. இதற்கெல்லாம் யார் கொடுக்கிறார்கள் என்று செட்டுக்கு வருகிற டாக்ஸிக்காரர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஏனென்றால் பதில் ஒரே இடத்தில் இல்லை. 2009இல் அரசு 'கிரீன் பஸ் ஃபண்ட்' என்று 30 மில்லியன் பவுணோடு தொடங்கியது. நாலு சுற்று ஓடி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பஸ்கள் வந்தன, பெரும்பாலும் ஹைபிரிட், அதாவது டீசலும் பற்றரியும் சேர்ந்தவை. லண்டனும் அதில் பங்கு வாங்கியது. பிறகு 2021இல் 'ஸீப்ரா' திட்டம். டீசல் பஸ்ஸுக்கும் மின்சார பஸ்ஸுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் 75 வீதம் வரை அரசு தரும், சார்ஜ் செய்கிற ஏற்பாட்டுச் செலவிலும் 75 வீதம் வரை. அதே வருடம் கொவென்ட்ரி நகரத்தின் பஸ்களை முழுக்க மின்சாரமாக்க 50 மில்லியன் பவுண் கொடுத்தார்கள். ஆனால் ஸீப்ரா லண்டனுக்குக் கிடையாது. இங்கே பஸ்ஸை ஓட்டும் கம்பெனிதான் வண்டிக்கு ஏற்பாடு செய்யும், லண்டன் போக்குவரத்து நிறுவனம் ஒப்பந்தப்படி காசு கொடுக்கும். புது வண்டியின் விலை அந்த ஒப்பந்தத் தொகைக்குள் கரைந்திருக்கும். ஆகவே 43இன் பற்றரிக்கு நானும் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் பஸ் கட்டணத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2034க்குள் எல்லா பஸ்ஸும் புகையற்றதாகும், அரசு காசு தந்தால் 2030க்குள் முடிப்போம் என்று அவர்கள் சொல்வதன் அர்த்தமும் இதுதான்.

இந்தக் காசில் ஒரு பகுதி வீணாகப் போனதும் நடந்தது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. புது பஸ் வாங்குவதற்குப் பதிலாகப் பழைய டீசல் பஸ்ஸின் புகைக்குழாயில் ஒரு கருவியைப் பூட்டினால் போதும் என்று ஒரு யோசனை. யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஒட்சைட்டை முறிக்கும் கருவி. அதற்கும் பல வருடம் மானியம் கொடுத்தார்கள். 80 வீதம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். லண்டனுக்கு வெளியே நகரங்களின் ரோட்டில் வைத்து அளந்தபோது சராசரியாக 11 வீதம்தான் குறைந்திருந்தது. 2023இல் அந்த மானியத்தை நிறுத்தி வைத்தார்கள். காரணம் விளங்கிக்கொள்ளக் கஷ்டமானது அல்ல. அந்தக் கருவி வேலை செய்யப் புகைக்குழாய் நன்றாகச் சூடாக வேண்டும். நகர நெரிசலில் நின்று நின்று போகிற பஸ்ஸில் அது எங்கே சூடாவது? புகை அதிகம் கிடக்கிற இடத்தில்தான் கருவி நித்திரை கொள்ளும். ஹாலோவே ரோட்டில் எட்டு மணிக்கு நின்ற யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் என் உண்மையான மனக்குறை வேறு. வாங்குவதற்குக் காசு தருகிறார்கள், ஓட்டுவதற்குப் போதிய அளவு தருவதில்லை. கோவன்ட் கார்டனில் இருந்து டவர் பக்கம் போன ஆர்.வி.1 என்ற தடத்தில் ஹைட்ரஜன் பஸ்கள் ஓடின. பின்னால் வெறும் நீராவி வரும், அதைப் பார்க்க என்றே மகனைக் கூட்டிப் போயிருக்கிறேன். 2019 ஜூனில் அந்தத் தடத்தையே நிறுத்திவிட்டார்கள், ஏறுகிற ஆள் போதாதாம். சரியாக அடுத்த மாதம் எங்கள் 43 மின்சாரமானது. வாட்டர்லூவில் இருந்து லண்டன் பிரிட்ஜுக்குப் போன 521, 2016இலேயே மின்சாரத்துக்கு மாறிய தடம். அதையும் 2023இல் எடுத்துவிட்டார்கள். முன்னோடி என்று படம் எடுத்த தடங்களில் இரண்டு இன்றைக்கு வரைபடத்திலேயே இல்லை.

வடக்கே ஒரு சின்ன நகரத்தில் என் தங்கச்சி இருக்கிறாள். போன வருடம் அங்கேயும் மினுமினுக்கும் மின்சார பஸ்கள் வந்தன. யூ.எஸ்.பி உண்டு, அடுத்த தரிப்பிடத்தைச் சொல்கிற குரல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு பஸ் மட்டும் இல்லை. "அண்ணா, பஸ் வடிவுதான், அதில ஏறுறதுக்குத்தான் காரில போக வேண்டியிருக்கு" என்கிறாள். அவள் இன்னும் டீசல் கார்தான் வைத்திருக்கிறாள். நான் என்னுடையதை 2021இல் விற்றுவிட்டேன். புகைக் கட்டண வலயம் எங்கள் பகுதி வரை நீண்டபோது நாளுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டி வந்தது ஒரு காரணம். இரவு இரண்டு மணிக்கும் 43 வரும் என்ற நம்பிக்கை மற்றக் காரணம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால் இரண்டாவதுதான். கட்டணம் மட்டும் வந்து பஸ் வராமல் இருந்திருந்தால் அந்தக் கட்டணம் இல்லாத பழைய பெற்றோல் கார் ஒன்றை வாங்கியிருப்பேன்.

யாராவது வீடு பார்க்க வந்து இந்தத் தடத்தைப் பற்றிக் கேட்டால், தயங்காமல் நல்லது என்பேன். ரோட்டோரத்து வீடென்றால் பின்பக்க அறையை எடுங்கள் என்றும் சொல்வேன், அது பஸ்ஸால் அல்ல.

போன மாரியில் ஒரு ஞாயிறு, ரயில் ஓடாததால் ஊருக்கு வெளியே மாற்று பஸ்ஸில் ஏற வேண்டி வந்தது. எங்கிருந்தோ இழுத்து வந்த பழைய டீசல் இரட்டைத் தட்டு. சின்ன மகளுக்கு ஏழு வயது. 43ஐயும், அதே காலத்தில் மின்சாரமான 134ஐயும் தவிர வேறு பஸ்களில் அவள் அதிகம் ஏறியதில்லை. ஏறியதும் முன் கம்பியைப் பிடித்தவள், கையை எடுத்துப் பார்த்தாள், திரும்பவும் தொட்டாள்.

"அப்பா, இந்த பஸ் ஏன் நடுங்குது? பழுதோ?"

"இல்லையம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. இறங்கும் வரை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.