காப்பர் பூசணக்கொல்லி: நான்கு ஆண்டுகள், ஒரு எலுமிச்சைத் தொட்டி, ஒரு பாத்தி

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் நாட்டு எலுமிச்சைத் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். கீழே, குடியிருப்பாளர்கள் சேர்ந்து நடத்தும் தோட்டத்தில் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தியும் உண்டு. அதில் தக்காளி, மிளகாய், பாகற்காய். இந்த இரண்டு இடங்களிலும் நான்கு ஆண்டுகளாகக் காப்பர் (செம்பு) கலந்த பூசணக்கொல்லி மருந்து தெளித்து வருகிறேன். எங்கே பயன்பட்டது, எங்கே கெடுத்தது என்பதை அப்படியே சொல்கிறேன்.

தொடக்கம் எலுமிச்சையில்தான். இலையில் சொரசொரப்பாகப் புடைத்த பழுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மஞ்சள் வளையம், காயிலும் அதே சொறி. இது பாக்டீரியாவால் வரும் சொறி நோய். மழைத்துளி தெறித்தும் காற்றில் அடித்தும் பரவும். பக்கத்திலேயே இருந்த கலமன்சி என்ற சிறு எலுமிச்சை வகையில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்த இனத்துக்கு இந்த நோயைத் தாங்கும் சக்தி இயல்பாகவே அதிகம். இடம் குறைவாக இருந்து, சொறியோடு மல்லுக்கட்ட மனமும் இல்லாதவர்களுக்கு நான் கலமன்சியைத்தான் சொல்வேன். எனக்கு ஊறுகாய்க்கு நாட்டு எலுமிச்சைதான் வேண்டும்.

முதல் ஆண்டு நான் செய்த தவறு பெரியது. காப்பர் தெளித்தால் புள்ளி மறைந்துவிடும் என்று நம்பினேன். மறையவில்லை. உடனே அளவைக் கூட்டினேன்: லிட்டருக்கு 5 கிராம், வாரம் ஒரு முறை. ஒரு நாள், ஒரே வேலையாக முடியட்டும் என்று அதே பாட்டிலில் மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்துச் செய்யும் மீன் அமிலத்தையும் சேர்த்துவிட்டேன். மூன்றாம் நாள் துளிர் எல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. மீன் அமிலம் புளிப்பானது. புளிப்பு நீரில் காப்பர் தேவைக்கு மேல் கரைந்து, கிருமியோடு சேர்த்து இலையையும் சுட்டுவிடும். வினிகர், புளித்த மோர் எதுவானாலும் இதே கதைதான். அன்றிலிருந்து காப்பர் பாட்டிலில் காப்பரும் தண்ணீரும் மட்டும்தான். அசுவினிக்குத் தெளிக்கும் பொட்டாசியம் சோப்புக்கும் தனி நாள், தனி பாட்டில்.

காப்பர் நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. இலை மேல் பூசி வைக்கும் ஒரு காப்பு. ஈரம் படும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அப்போதுதான் வந்து இறங்கும் பூசண வித்துகளையும் பாக்டீரியாவையும் கொல்லும். உள்ளே புகுந்துவிட்ட கிருமியை அது தொடாது. இது புரிந்த பிறகு என் முறையே மாறிவிட்டது. மழையில்லாத ஒரு நாளில் சொறி பிடித்த கிளைகளை வெட்டிக் குப்பைப் பையில் கட்டிப் போடுகிறேன், உரக்குழியில் போடுவதில்லை. புதுத் துளிர் பாதிக்கு மேல் விரிந்ததும் ஒரு முறை தெளிக்கிறேன். முற்றிய பழைய இலைக்குத் தெளிப்பது வீண். சொறி எளிதில் பிடிப்பது இளம் இலையிலும் இளம் காயிலும்தான். இலைத் துளைப்பான் புழு கோலம் போட்ட இலைகளில் அந்தக் காயம் வழியாகச் சொறி சுலபமாக நுழைகிறது. அதனால் அந்தப் பூச்சியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கலக்கும் விதம். நான் வைத்திருப்பது 50 விழுக்காடு காப்பர் உள்ள காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூள். லேபிளில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் என்று போட்டிருக்கிறது, நான் 2 கிராமில் நிற்கிறேன். கரண்டி அளவு வேண்டாம். நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன், சமையலறைப் பக்கம் அது போவதில்லை. தூளை நேரே ஸ்பிரேயரில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதந்து நாசிலை அடைத்துவிடும். முதலில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவு போலக் குழைக்கிறேன். அப்புறம் மீதித் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுகிறேன். இந்தத் தூள் உப்பு மாதிரி கரைவதில்லை, மிதக்க மட்டுமே செய்யும். இரண்டு நிமிடம் சும்மா விட்டால் அடியில் படிந்து, முதல் செடிக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிக்குக் கெட்டிக் குழம்பும் போகும். தெளிக்கத் தெளிக்கக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது.

முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். தூள் பறக்கும் நேரம் நிறுக்கும்போதுதான், அதனால் கவசத்தை அப்போதே போட்டுவிடுங்கள்.

போர்டோ கலவையும் செய்து பார்த்தேன். 1885ல் பிரான்சின் போர்டோவில் மில்லார்டே என்ற பேராசிரியர் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக வெளியிட்ட அதே கலவை. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு லிட்டருக்கு 10 கிராம் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்), 10 கிராம் சுட்ட சுண்ணாம்பு. ஊரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சித்தப்பாவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "துத்தத் தண்ணியச் சுண்ணாம்புல ஊத்து தம்பி, மாத்தி ஊத்தாத. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலக்கினதும் ஒரு ஆணிய முக்கிப் பாரு, செம்பு நிறம் ஏறுச்சுன்னா சுண்ணாம்பு பத்தல" என்றார். இங்கே சுட்ட சுண்ணாம்புக்கு எங்கே போவது? தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்கினேன். அது ஈரக் குழம்பு, 10 கிராம் என்றால் அதில் பாதி தண்ணீராகவும் இருக்கலாம். ஆணி உடனே சிவந்தது. இன்னும் சுண்ணாம்பு சேர்த்து, மூன்றாவது முறைதான் ஆணி சுத்தமாக வந்தது. மழையில் ஒட்டி நிற்பதில் போர்டோவுக்கு ஈடில்லை. ஆனால் அன்றே கலக்கி அன்றே தீர்க்க வேண்டும், காய் மேல் நீல வெள்ளைப் பூச்சும் தங்கிவிடுகிறது. இரண்டு செடிக்கு இவ்வளவு வேலை தேவையில்லை என்று நிறுத்திவிட்டேன். சித்தப்பாவின் கொடிக்காலுக்கு அதுதான் சரி.

சிங்கப்பூரில் பெரிய சிக்கல் மழை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். ஒரு முறை மாலையில் தாழ்வாரத்தில் தெளித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். சுமத்ரா பக்கமிருந்து வரும் விடியற்காலைக் காற்றுமழை எல்லாவற்றையும் கழுவி, கீழ்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) மூங்கில் கழியில் காயப்போட்டிருந்த துணி மேல் இறக்கிவிட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, குழந்தை துணி இல்லை" என்றார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இப்போது தொட்டியைத் தோட்டத்துக்கு இறக்கிப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்துத்தான் தெளிக்கிறேன், சாரல் பெட்டியோடு நின்றுவிடும். வானிலையைப் பார்த்து, காற்றில்லாத காலை எட்டு மணிக்குள் முடித்து, வெயில் ஏறுமுன் காயவிடுகிறேன். ஈரம் நெடுநேரம் நின்றாலும் இலை சுடும்.

பாத்தியில் கிடைத்த பலன் கலவையானது. பாகற்காய் இலையில் நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டமாக மஞ்சளாகும் அடிச்சாம்பல் நோய்க்கு, முதல் அறிகுறிக்கு முன்பே தெளித்தால் நன்றாகத் தாமதமாகிறது. மிளகாய்ப் பழ அழுகலும் குறைந்தது. தக்காளி ஒரே நாளில் பச்சையாகவே துவண்டு விழும் பாக்டீரியா வாடலுக்குத் துளியும் பயனில்லை, கிருமி மண்ணிலிருந்து வேர் வழியாக வருகிறது. மிளகாய் இலைச் சுருட்டலுக்கும் பயனில்லை. கீரைக்கு நான் தெளிப்பதே இல்லை.

இனி, என்னை மிகவும் யோசிக்க வைத்த கணக்கு. காப்பர் உலோகம், மட்கிப் போகாது. மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும், அதிகமானால் மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ காப்பர்தான் உச்சம் என்று வகுத்தது, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. என் பாத்தி 2.5 சதுர மீட்டர். அதே வீதத்தில் பார்த்தால் எனக்கு ஆண்டுக்கு 1 கிராம் காப்பர்! லிட்டருக்கு 2 கிராம் தூள் கலந்தால் அந்த ஒரு லிட்டரிலேயே 1 கிராம் இருக்கிறது. முதல் ஆண்டு அந்தப் பாத்தியில் எத்தனை லிட்டர் ஊற்றினேன் என்று எண்ணிப் பார்த்து அன்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன்.

அப்புறம் வெறும் தண்ணீரை நிரப்பித் தெளித்து அளந்தேன். பாத்தி முழுக்க நனைய 400 மில்லி போதும். 0.8 கிராம் தூள், அதில் 0.4 கிராம் காப்பர். ஆண்டுக்கு இரண்டு தெளிப்பு, அதோடு நிறுத்தம். அளவாகக் கலப்பதால் மிச்சமும் இல்லை. பாட்டிலை அலசிய தண்ணீரும் அதே செடிகளுக்குத்தான், கால்வாயில் ஒரு சொட்டும் விடுவதில்லை. இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நம் வாசல் கால்வாய் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, காப்பரோ மீனுக்கு நஞ்சு.

ஒரு கடையில் லேபிளே இல்லாத நெகிழிப் பையில் நீலத் தூளைக் கட்டிக் கொடுத்தார்கள். வாங்காதீர்கள். துத்தத்தில் காப்பர் 25 விழுக்காடு, ஆக்ஸிகுளோரைடு தூளில் 50. எது என்று தெரியாமல் எதை நிறுப்பது? துத்தத்தைச் சுண்ணாம்பு இல்லாமல் தெளித்தால் இலை கருகிவிடும்.

இந்த ஆண்டு நோட்டில் இதுவரை ஒரே பதிவு: பாத்தி, 400 மில்லி, 0.4 கிராம். இரண்டாவதை டிசம்பர் மழைக்கு முன் வரும் பாகற்கொடிக்காக வைத்திருக்கிறேன்.