ஹெட் எங்கே இருக்க வேண்டும்: கார்ட்ரிட்ஜிலா, மெஷினிலா?

குமுளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இங்க் டப்பா மாட்டுகிற கார்ட்ரிட்ஜ் பிரின்டர் வாங்கலாமா, பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றுகிற டேங்க் பிரின்டர் வாங்கலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து கேட்கிறார்கள். தமிழில் கேட்கிற எஸ்டேட் ஆட்களும் சரி, மலையாளத்தில் கேட்கிற சேட்டன்மாரும் சரி, எல்லாருக்கும் இங்க் விலைதான் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது இரண்டாவது கணக்கு. முதலில் பார்க்க வேண்டியது இங்க்கைத் துப்புகிற ஹெட் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கரன்ட் கொண்டுபோகிற அந்த மெல்லிய ஃபிலிம் சர்க்யூட் யார் கையில் இருக்கிறது என்பதுதான். ஏனென்றால் இந்த மெஷின்களில் பழுது வருகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

கடையில் ஒரு பழைய கார்ட்ரிட்ஜ் கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு ஃபிலிம் ஒட்டியிருக்கும், அதில் வரிசையாகத் தங்கப் புள்ளிகள். அந்த ஃபிலிம் மூலையில் மடிந்து அடிப்பக்கம் போகும், அங்கே ஒரு சின்ன சிலிக்கான் சில்லும், இங்க் வெளியேறுகிற, கண்ணுக்கே தெரியாத நாசில் ஓட்டைகளும் இருக்கும். (இதற்குத் தொழில் பெயர் ஃப்ளெக்ஸ் சர்க்யூட். ஃப்ளெக்ஸ் என்றால் நம் ஊரில் கல்யாண பேனர் என்று ஆகிவிட்டதால் நான் ஃபிலிம் என்றே எழுதுகிறேன்.) அது பாலிஇமைடு என்கிற, சூடு தாங்குகிற பிளாஸ்டிக். அதன்மேல் செம்புத் தடங்கள், செம்பின்மேல் துருப்பிடிக்காமல் இருக்கத் தங்கப் பூச்சு. அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் மெஷின் கார்ட்ரிட்ஜோடு பேசுகிறது.

இது முதல் வகை, சூட்டால் இங்க்கைத் துப்புகிற ஹெட். இந்த வழி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1977-ல் கேனன் ஆய்வகத்தில் இச்சிரோ எண்டோ வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான சால்டரிங் அயன் தற்செயலாக இங்க் ஏற்றிய சிரிஞ்சு ஊசியில் பட்டு, ஊசி முனையிலிருந்து இங்க் பீச்சியடித்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் எச்பி கம்பெனியில் ஜான் வாட் என்பவரும் தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார். ஒரு துளி இடத்தை மைக்ரோ செகண்டுகளில் 300 டிகிரிக்கும் மேல் சூடாக்கினால் நீராவிக் குமிழி வெடித்து எழும், அது முன்னால் இருக்கிற இங்க்கைத் தள்ளிவிடும், குமிழி அடங்கியதும் புது இங்க் தானே வந்து நிரம்பும். அவ்வளவுதான். 1984-ல் வந்த எச்பி திங்க்ஜெட்டில் 12 நாசில். ஹீட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற கவலைக்கு அவர்கள் கண்ட விடை, ஹெட்டையே இங்க்கோடு சேர்த்து ஒரு டப்பாவாக்கி, தீர்ந்ததும் தூக்கிப் போடச் சொன்னது. தூக்கிப் போடுகிற பொருளுக்குள் அப்படி ஒரு நுட்பத்தை வைக்கத் துணிந்தார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

12 நாசில் இருக்கிறவரை ஆளுக்கொரு கம்பி போட்டுவிடலாம். 90-களில் வந்த எச்பி 45 கார்ட்ரிட்ஜில் 300 நாசில். 300 புள்ளி வைக்க இடம் ஏது? சிலிக்கான் சில்லுக்குள்ளேயே டிரான்சிஸ்டர் வைத்து, தெரு எண்ணும் வீட்டு எண்ணும் சேர்த்து முகவரி சொல்வதுபோல வரிசையும் நிரலுமாக நாசிலைக் கூப்பிட்டார்கள், 52 புள்ளியில் வேலை முடிந்தது. அப்புறம் இன்னொரு காரியமும் நடந்தது. முன்பெல்லாம் நாசில் ஓட்டைகள் தனியாக ஒரு நிக்கல் தகட்டில் இருக்கும், அதைச் சில்லின்மேல் மயிரிழை பிசகாமல் ஒட்ட வேண்டும். எச்பிக்காரர்கள் அந்தத் தகட்டையே எடுத்துவிட்டு, கரன்ட் கொண்டுபோகிற அதே ஃபிலிமில் லேசரால் ஓட்டை போட்டார்கள். கம்பியும் அதுவே, நாசிலும் அதுவே. ஃபிலிம் சர்க்யூட் வரலாற்றில் இதைவிடச் சிக்கனமான யோசனை ஒன்றை நான் பார்த்ததில்லை.

சரி, பலவீனம் என்ன? கார்ட்ரிட்ஜுக்குள் இங்க் தானாக ஒழுகாமல் இருக்க உள்ளே லேசான உறிஞ்சு விசை இருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி ஸ்பாஞ்சு, இன்னொரு வழி ஸ்பிரிங் வைத்த பை. ஸ்பாஞ்சு மலிவு, ஆனால் கடைசி இங்க்கை விடாது, பிடித்து வைத்துக்கொள்ளும். பை கிட்டத்தட்ட முழுக்கத் தந்துவிடும். எச்பி 45 பை வகைதான். அதனால்தானோ என்னவோ அந்தப் பழைய வடிவம் இன்னும் சாகவில்லை, பாக்கெட்டில் காலாவதித் தேதி அடிக்கிற கை மெஷின்கள் பலவற்றில் அதே உருவத்துக் கார்ட்ரிட்ஜைத்தான் பார்க்கிறேன். ஏலக்காய் பாக்கெட் போடுகிற ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஸ்பாஞ்சு வகையில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஆரம்பத்தில் கம்பத்துக்குப் போய் ரீஃபில் செய்து, பஸ்ஸில் மேலே கொண்டுவருவேன். கடையில் வந்து திறந்தால் கவரெல்லாம் கறுப்பு. மூன்று தடவை இப்படி. ரீஃபில் கடை அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் கார்ட்ரிட்ஜ் தலையில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டி, "தம்பி, ஓட்டைய மூடிட்டு மலை ஏறுனா உள்ள இருக்குற காத்து எங்க போகும்?" என்றார். கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், குமுளி 900-ஐ ஒட்டி. இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைகிறது. அடைபட்ட காற்று விரிந்து இங்க்கை நாசில் வழியாகத் தள்ளுகிறது. மூச்சு விடுகிற ஓட்டையை டேப் போட்டு அடைத்ததுதான் குற்றம். அன்றிலிருந்து டேப்பில் ஊசியால் ஒரு குத்து, ஒழுகல் நின்றது.

ஒழுகிய இங்க் தங்கப் புள்ளிகளின்மேல் படிந்தால் அடுத்த தொல்லை. ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் நடுவே இங்க் பாலம் போட்டுவிடும், மெஷின் கார்ட்ரிட்ஜையே தெரியாது என்று சொல்லும். இங்கே ஊரில் எல்லாரும் செய்கிற தப்பு, பென்சில் ரப்பரை எடுத்துத் தேய்ப்பது. தயவுசெய்து தேய்க்காதீர்கள். தங்கப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. அது போனால் கீழே செம்பு வெளியே வரும், குமுளி ஈரத்துக்கு வெண்கலப் பாத்திரம்போலக் களிம்பு பூக்கும். நூல் உதிராத துணியில் டிஸ்டில்டு வாட்டர் நனைத்து ஒற்றி எடுத்தால் போதும்.

இரண்டாவது வகை பைஸோ ஹெட். எப்சன் தன் மைக்ரோ பைஸோ ஹெட்டை 1993-ல் கொண்டுவந்தது, பிரதர் மெஷின்களிலும் இந்த வழிதான். இங்கே சூடே கிடையாது. மின்னழுத்தம் கொடுத்தால் வளைகிற படிகம் ஒன்று இங்க்கை அழுத்தித் துளியாகத் தள்ளுகிறது. துளி பிகோ லிட்டர் கணக்கு, அதாவது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அப்படி இரண்டு மூன்று. கொதிக்க வேண்டியதில்லை என்பதால் இங்க்கைத் தேர்ந்தெடுக்கிற சுதந்திரமும் அதிகம், ஹெட்டும் நெடுநாள் உழைக்கும். உழைக்கும் என்பதால்தான் அதை மெஷினிலேயே நிரந்தரமாகப் பொருத்தினார்கள். 2010-ல் எப்சன் இந்தோனேசியாவில் டேங்க் பிரின்டரை முதலில் விற்க ஆரம்பித்தபோது, நம்மைப் போன்ற ரீஃபில் நாடுகளில் கடைக்காரர்கள் குழாயும் பாட்டிலும் வைத்துத் தாங்களே செய்துகொண்டிருந்ததை ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

இதில் கரன்ட் கொண்டுபோகிறது ஒரு நீளப் பட்டை கேபிள், பிளாஸ்டிக்குக்குள் தட்டையான செம்புத் தடங்கள். கார்ட்ரிட்ஜ் ஃபிலிமையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கார்ட்ரிட்ஜ் ஃபிலிம் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் மடிகிறது, தொழிற்சாலையில், அந்த மூலையில். பட்டையோ ஹெட் போகும்போதும் வரும்போதும் வளைந்துகொண்டே இருக்கிறது, ஒரு பக்கத்துக்கே பல பத்து தடவை, சபரிமலை சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அது அறுந்து போகாமல் இருக்கிற ரகசியம், செம்பு நடுவில் இருப்பது. வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுவில் இரண்டும் இல்லை. உருட்டித் தட்டையாக்கிய செம்பு, மின்முலாமாக ஏற்றிய செம்பைவிட இந்த வளைவை அதிக நாள் தாங்கும்.

வளைந்து அது கெட்டு நான் பார்த்ததில்லை, நனைந்து கெட்டதைப் பார்த்திருக்கிறேன். கடையை ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு மாற்றினபோது, என் பைஸோ மெஷினை (கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது) சாய்த்துத் தூக்கினேன். ஹெட்டுக்கு மேலே இங்க் கசிந்து பட்டையின் முனைக்குள் போயிருக்கிறது. தெரியாமல் ஆன் செய்தேன். ஹெட்டும் போச்சு, போர்டும் போச்சு. ஹெட் விலை மட்டும் புது மெஷின் விலையில் பாதியை நெருங்கியது. கார்ட்ரிட்ஜாக இருந்திருந்தால் புதிது ஒன்று மாட்டி அரைமணியில் கடை திறந்திருப்பேன். அன்றைக்கு நான்கு பேர் ஸ்கூல் அட்மிஷன் ஃபாரத்தோடு நின்றார்கள், கீழே கம்பத்துக்கு அனுப்பினேன். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஊர்க் காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசுகிற வறண்ட காற்றுக்கு, பிரின்ட் நடுவில் கரன்ட் போய் ஹெட் மூடிக்கு வராமல் நின்றால், நாசில் வாய் காய்ந்துவிடும். அதே மாதத்தில் குமுளியில் மழை, நாசில் காயாது, பேப்பர்தான் நமத்துப் போய் எழுத்து ஊறும். அடைப்பை எடுக்கச் சுத்தம் செய்யச் செய்ய இங்க் அடியிலிருக்கிற பஞ்சுக்குப் போகும், பஞ்சு நிறைந்தது என்று மெஷின் நின்றுவிடும். அதனால் வறண்ட பக்கத்தில் எப்போதாவது பிரின்ட் எடுப்பவருக்குப் பைஸோ டேங்கை நான் சொல்வதே இல்லை.

மூன்றாவது வகையைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். இங்க் வெளியே டேங்கில், ஹெட் சூட்டு வகை, ஆனால் கழற்றி மாட்டலாம். கேனன் ஜி வரிசை 2015 கடைசியிலும், எச்பி ஜிடி வரிசை 2016-லும் இப்படி வந்தன. பார்ப்பதற்குப் பழைய கார்ட்ரிட்ஜ் மாதிரியே இருக்கும், அதே ஃபிலிம், அதே தங்கப் புள்ளிகள், குழாய் மட்டும் கூடுதல். குறை உண்டு. ஹீட்டரின்மேல் இங்க் தீய்ந்து படியும், பால் அடிப்பிடிப்பதுபோல. இதற்குத் தொழிலில் வைத்த பெயர் கோகேஷன், கருகல் என்று பொருள்படுகிற ஒரு ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பாட்டிலில் என்னவென்று தெரியாத இங்க் ஊற்றினால் இது சீக்கிரம் நடக்கும். போட்டோவில் பைஸோ அளவுக்கு இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். தினமும் போட்டோ அடிக்கிற ஸ்டுடியோக்காரர் பைஸோவே வாங்கட்டும், தினமும் ஓடுகிற ஹெட் காயாது. வீட்டில் மாதம் இரண்டு பக்கம் எடுப்பவருக்குப் பழைய கார்ட்ரிட்ஜே போதும், பக்கத்துக்கு விலை அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் புது ஹெட் கிடைக்கிறது.

ரீஃபில் சட்டப்படி சரியா என்றும் கேட்கிறார்கள். ஜப்பானில் இரண்டு ஸ்பாஞ்சை ஒன்றோடொன்று அழுத்தி வைத்து, அவை சேருகிற இடத்தில் கசிவைத் தடுத்த டேங்குக்குக் கேனன் பேட்டன்ட் வைத்திருந்தது. காலி டேங்கைக் கழுவி மறுபடி நிரப்பி விற்ற கம்பெனிக்கு எதிராக 2007-ல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, அது புதிதாகத் தயாரித்ததற்குச் சமம் என்று. அமெரிக்காவில் 2017-ல் லெக்ஸ்மார்க் என்கிற பிரின்டர் கம்பெனியின் டோனர் (லேசர் பிரின்டர் பொடி) கார்ட்ரிட்ஜ் வழக்கில் அங்கத்திய உச்ச நீதிமன்றம் வேறு வழி போனது: ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பொருளின்மேல் பேட்டன்ட் உரிமை முடிந்தது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. காசு கொடுத்து வாங்கிய டப்பாவில் என்ன ஊற்றுவது என்பது வாங்கியவர் விருப்பம்.

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் புதிதாகக் கடை போடுகிறவர்கள் மெஷின் விலையைக் கேட்பதற்கு முன்னால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: ஹெட் மட்டும் தனியாகத் தருவீர்களா, எத்தனை நாளில்? கம்பத்திலேயே கிடைக்கும் என்றால் சரி. கோட்டயத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டும் என்றால் மெஷினோடு சேர்த்து இன்னொரு ஹெட்டையும் அன்றைக்கே வாங்கி, தங்கப் புள்ளிகளின்மேல் இருக்கிற டேப்பைப் பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள்.