மஸ்கோவி முட்டையை யாரிடம் ஒப்படைப்பது: தாயிடமா, அடைக்கோழியிடமா, மெஷினிடமா?

மஸ்கோவி வாத்து வளர்ப்பவர்கள் கூடினால் தீராமல் ஓடும் பேச்சு ஒன்று உண்டு. முட்டையைத் தாயே அடைகாக்கட்டும் என்று விடுவதா, அடைக்கோழிக்குக் கீழே வைப்பதா, முட்டை பொரிக்கும் மெஷினான இன்குபேட்டரில் போடுவதா? பெக்கின், காக்கி கேம்பல் போன்ற இனங்களில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. அவற்றில் அடையில் உட்காரும் குணம் பெரும்பாலும் மங்கிவிட்டதால் மெஷினைத்தான் நம்ப வேண்டும். மஸ்கோவி வேறு வம்சம். வீட்டில் வளரும் மற்ற வாத்தினங்கள் மல்லார்டு என்ற காட்டு வாத்தின் வழியில் வந்தவை. இதுவோ நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மரப்பொந்தில் முட்டையிட்டு வாழ்ந்த பறவை. அடைகாக்கும் வெறி இன்னும் அதன் ரத்தத்தில் அப்படியே இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண், நாலைந்து பெட்டை என்று கொல்லையில் சின்னக் கூட்டமாக வைத்திருப்பவர் முட்டையைத் தாயிடம் விடுவதுதான் நல்லது. மெஷின் கையில் இருக்கட்டும், ஆனால் துணைக்கு மட்டும்.

காரணம் 35 நாள் கணக்கு. கோழி முட்டை 21 நாளில் பொரிகிறது, மற்ற வாத்து முட்டைக்கு 28 நாள், மஸ்கோவிக்கு ஏறக்குறைய 35 நாள். சூட்டிலோ ஈரத்திலோ தினமும் வரும் சின்னப் பிசகு 21 நாளில் பெரிதாகத் தெரியாமல் போகலாம். 35 நாளும் அது சேர்ந்துகொண்டே போனால், கடைசி வாரத்தில் முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். மெஷினில் மஸ்கோவி பொரித்துப் பார்த்தவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்.

தாய் என்ன செய்கிறது என்று ஒருநாள் தள்ளி நின்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை கூட்டைவிட்டு எழும். எழுவதற்கு முன், தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் பரப்பிய பஞ்சு இறகை அலகால் இழுத்து முட்டைகளை மூடும். அப்புறம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, பக்கத்தில் வருகிற எல்லாரையும் மிரட்டியபடி ஓடும். ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்கும், அவசர அவசரமாகத் தீனி தின்னும், நாற்றம் தாங்க முடியாத பெரிய எச்சம் ஒன்று போடும், தண்ணீரில் முங்கி எழும். எல்லாம் முடிந்து ஈர நெஞ்சோடு திரும்பி உட்காரும். அந்த இடைவெளியில் முட்டை கொஞ்சம் ஆறுகிறது, திரும்பி வந்ததும் ஈரம் பெறுகிறது. உட்கார்ந்த பிறகு காலாலும் அலகாலும் புரட்டுகிறது. ஆற வைப்பது, நனைப்பது, புரட்டுவது என்று மெஷினில் நாம் கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டிய மூன்றையும் அது பிசகாமல் செய்துவிடுகிறது. நம் பங்கு, அது குளிக்கிற மாதிரி ஒரு தொட்டித் தண்ணீரை எட்டும் தூரத்தில் வைப்பது மட்டும்தான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. பெட்டை ஒவ்வொரு முட்டையாக இட்டுச் சேர்த்து, எட்டிலிருந்து பதினைந்து வரை ஆனபிறகுதான் முழுநேரமாக உட்காரும். அதற்கு முன் இட்ட முட்டைகளில் கரு வளரத் தொடங்காது. அதனால்தான் இரண்டு வார இடைவெளியில் இட்ட முட்டைகளும் ஒரே சமயத்தில் பொரிகின்றன.

தாயிடமும் குறை உண்டு. முக்கியமான குறை, கணக்குத் தெரியாது. கூட்டத்தில் உள்ள வேறு பெட்டைகள் அதே கூட்டில் வந்து முட்டையிட்டுப் போகும். அடைகாப்பது அதையும் சேர்த்து அணைத்துக்கொள்ளும். இருபதைத் தாண்டினால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெட வாய்ப்பு அதிகம். பிந்தி வந்த முட்டை பொரிவதற்குள் முதல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் எழுந்துவிடும், மிச்சம் வீண். இதற்கு வழி எளிது. அது உட்கார்ந்த அன்றே கூட்டில் இருக்கும் முட்டைகளில் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள். பிறகு கோடில்லாத முட்டை எதைக் கண்டாலும் எடுத்துவிடலாம். ஒரே கூட்டில் இரண்டு பெட்டைகள் உட்கார்ந்தால் பிரித்துவிடுவது அவசியம். சண்டையில் முட்டை உடையும், பொரித்த குஞ்சை மிதித்துக் கொல்வதும் நடக்கும். எலி, கீரி, பாம்பு நுழையாதபடி அடைப்பெட்டி இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, மெஷின். சூடு 37.5 டிகிரி செல்சியஸ், அதுவும் காற்றாடி வைத்த வகையில். ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாளில் 70-க்கு மேல். 31 அல்லது 32-ஆம் நாள் வரை தினமும் பலமுறை புரட்ட வேண்டும். பத்தாம் நாளுக்குப் பிறகு தினமும் கால் மணி நேரம் திறந்து ஆறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை லேசாகத் தெளித்து மூட வேண்டும். மஸ்கோவி முட்டையின் ஓடு தடிப்பு, மேலே மெழுகு மாதிரி ஒரு படலமும் உண்டு. தாயின் கால் உரசி உரசித் தேய்கிற இந்தப் படலம் மெஷினில் அப்படியே இருக்கும். கோழி முட்டைக்காக எழுதப்பட்ட கையேட்டைப் பார்த்து மஸ்கோவியைப் பொரிக்க முயல்வது வீண் முயற்சி.

ஈரம் சரியா என்பதை மீட்டரைவிட முட்டையே நன்றாகச் சொல்லும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அகன்ற முனையில் காற்றறை தெரியும். வாரத்துக்கு வாரம் அது பெரிதாக வேண்டும். பெரிதாகாமல் இருந்தால் ஈரம் அதிகம், மளமளவென்று வளர்ந்தால் ஈரம் குறைவு. கடைசி நாட்களில் காற்றறை ஒரு பக்கமாகச் சாயும். அப்புறம் ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழும். அதற்குப் பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள்கூட ஆகும். பதறிப்போய் ஓட்டை உரிக்கக் கூடாது. உள்ளே மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுபடவும், சவ்விலுள்ள ரத்தக் குழாய் வற்றவும் அந்த நேரம் தேவை. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கொட்டிக் குஞ்சு செத்துவிடும்.

பொரித்த பிறகு இரண்டு வழிக்கும் இடையில் உள்ள தூரம் இன்னும் கூடுகிறது. தாயோடு உள்ள குஞ்சு குளிர்ந்தால் இறக்கைக்குள் நுழையும், தாயின் எண்ணெய்ப் பசை இறகில் ஒட்டுவதால் தண்ணீரிலும் ஊறாது. மெஷின் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி விளக்குச் சூடு வேண்டும், தண்ணீர் ஆழமில்லாத தட்டில் இருக்க வேண்டும், குளிக்க விட்டால் நனைந்து விறைத்துவிடும். தீனியில் நியாசின் (ஒரு பி வைட்டமின்) விஷயத்தை எந்த வழியில் வளர்ப்பவரும் மறக்கக் கூடாது. வாத்துக் குஞ்சுக்கு அது கோழிக் குஞ்சைவிட அதிகம் தேவை. கோழிக் குஞ்சுத் தீனியை மட்டும் போட்டால் கால் வளைந்து நொண்டும். கொஞ்சம் ஈஸ்ட் தூள் கலந்தால் போதும்.

அடைக்கோழி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 21 நாளுக்குப் பழகிய உடம்பு 35 நாள் உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது. உட்கார்ந்தாலும் ஐந்தாறு முட்டைக்கு மேல் அணைக்க முடியாது, கனமான முட்டையைப் புரட்டவும் சிரமப்படும், ஈரமும் நாம்தான் தெளிக்க வேண்டும். வேறு வழியில்லாதபோது வைத்துப் பார்க்கலாம். தலைகீழாகச் செய்தால் அருமையாக நடக்கும். மஸ்கோவிப் பெட்டைக்குக் கீழே கோழி முட்டை, மற்ற வாத்து முட்டை எதை வைத்தாலும் தயங்காமல் பொரித்துத் தரும்.

எந்த வழியையும் குறை சொல்வதற்கு முன் முட்டையில் கரு கூடியதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆணுக்கு நாலைந்து பெட்டை என்பது நல்ல கணக்கு. ஆண் ஐந்து கிலோவைத் தாண்டும், பெட்டை அதில் பாதிதான். வயதான, கால் வலிக்கிற ஆணாக இருந்தால் கூமுட்டைதான் மிஞ்சும். கூட்டத்தில் பெக்கின் பெட்டை இருந்தால் அதற்கும் இதற்கும் பிறக்கும் கலப்புக் குஞ்சு நன்றாக வளரும், ஆனால் மலட்டு வாத்து. இனவிருத்திக்கு அதை வைத்திருந்து பலனில்லை.

மெஷினுக்கு நியாயமான இடம் இங்கேதான். பெட்டை பாதியில் கூட்டைக் கைவிட்டாலோ, நாய் பிடித்துப் போனாலோ, தாய் எழுந்துபோன பிறகு விரிசல் விழுந்த ஒன்றிரண்டு முட்டை மிஞ்சினாலோ, முன்கூட்டியே சூடேற்றி வைத்த மெஷின் காப்பாற்றும். அதில் பொரித்த குஞ்சை உலர்ந்ததும் ராத்திரி இருட்டில் தாயின் இறக்கைக்குக் கீழே நழுவ விடலாம். அதன் சொந்தக் குஞ்சுக்கும் அதே வயதாக இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரே தவணையில் நிறையக் குஞ்சு வேண்டும் என்று தொழிலாகச் செய்பவர்களுக்குத் தாய் வழி கட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடையில் இருக்கும்போதும் குஞ்சோடு திரியும்போதும் பெட்டை முட்டை போடாது.

கொல்லைக் கூட்டத்துக்கு அந்த இடைவெளி நல்லதுதான். 35 நாளில் பெட்டை நன்றாக இளைத்துவிடும். குஞ்சு வளர்ந்ததும் நல்ல தீனி கொடுத்து உடம்பு தேற்றிய பிறகே அடுத்த அடைக்கு விடுங்கள். வருஷத்துக்கு இரண்டு அடை போதும், மூன்றாவதுக்கு உட்கார்ந்தால் முட்டைகளை எடுத்துக் கூட்டைக் கலைத்துவிடுங்கள்.