கேப்டன் பியாண்ட் (1972): பல வருடமாகக் கேட்பவனின் குறிப்பு

டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் மேல் பைத்தியம் பிடித்து அலைந்த பிளஸ் ஒன் காலத்தில், இயான் கில்லனுக்கு முன்னால் அந்த பேண்டில் பாடியவர் யார் என்று தேடப் போய் மாட்டிய ஆல்பம் இது. கேப்டன் பியாண்ட் என்ற ராக் பேண்டின் முதல் ஆல்பம், பெயரும் அதே. நான் தேடிய பாடகர்: ராட் இவான்ஸ். முதல் மூன்று ஆல்பங்களோடு 1969-இல் அவரைக் கழற்றிவிட்டார்கள். அடுத்து கேப்டன் பியாண்டில் அவர் சேர்ந்த ஜமாவைப் பாருங்கள்: அயர்ன் பட்டர்ஃபிளை என்ற ராக் பேண்டின் கிடாரிஸ்ட் லாரி ரைன்ஹார்ட், அதே பேண்டின் பாஸிஸ்ட் லீ டோர்மன், ப்ளூஸ் கிடாரிஸ்ட் ஜானி வின்டரிடம் டிரம்ஸ் வாசித்த பாபி கால்ட்வெல். (தேடினால் அதே பெயரில் மெல்லிசைக் காதல் பாடகர் ஒருவர்தான் முதலில் வந்து நிற்பார். அவர் வேறு, இவர் வேறு.)

முதல் பாட்டு 'டான்ஸிங் மேட்லி பேக்வர்ட்ஸ்' டிரம்ஸில்தான் தொடங்குகிறது. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, வந்து சேர்ந்ததும் கால் தானாகத் தட்டும். நாலு தட்டிவிட்டுத் திரும்பலாம் என்றால் ஐந்தாவது ஒன்று மிச்சம் நிற்கும். 5/4, அதாவது சுற்றுக்கு ஐந்து தட்டு. கர்நாடக இசையின் ஐந்து எண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு ஊறிய காதுக்குக் கணக்கு புதிதில்லை. அந்தக் கணக்கை இவ்வளவு கனமான கிடாரில் கேட்டதுதான் புதிது. பாட்டு முடிகிறதே என்று நினைப்பதற்குள் 'ஆர்ம்வொர்த்' ஆரம்பித்துவிடும். அது இரண்டு நிமிடம்கூட இல்லை. அங்கிருந்து 'மயோபிக் வாய்ட்' மெதுவாக மிதந்து போய், கடைசியில் முதல் பாட்டின் ரிஃப்பிலேயே வந்து இறங்கும்.

அப்போது என்னிடம் இருந்த மலிவு எம்பி3 பிளேயர் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ஒரு நொடி மூச்சு வாங்கும். மற்ற ஆல்பங்களில் அது உறுத்தவில்லை, இதில் ஒவ்வொரு தடவையும் எரிச்சல். இடைவெளி விடாத பிளேயர் கையில் வந்த பிறகுதான் பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடுவது பிடிபட்டது. ஷஃபிளில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மொத்தமே 35 நிமிடம்தான். பிராக் (புரோகிரஸிவ் ராக்) என்றாலே இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, நடுவில் நீள ஆர்கன் சோலோ என்று பயந்தவர்களுக்கு இதை நம்பிக் கொடுக்கலாம். குறையும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் துண்டு துண்டாகப் பாட்டுகள். 'ஐ காண்ட் ஃபீல் நத்திங்' இரண்டாக வெட்டப்பட்டு, நடுவே நிலா, கடல் என்று வேறெங்கோ போய்வருகிறது. பாடல் வரிகளில் பெரிதாக ஒன்றும் தேட வேண்டாம். இவான்ஸின் குரல் கில்லன் மாதிரி வீறிடாது, அடக்கமாக நிற்கும். ஆரம்பத்தில் சப்பென்று பட்டது. இப்போது அந்த நிதானம்தான் பிடிக்கிறது.

ஏன் எடுபடவில்லை? வெளியிட்டது ஜார்ஜியாவின் மேக்கன் நகரிலிருந்த கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ், ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் பேண்டின் வீடு. 1971-இல் விபத்தில் இறந்த அந்த பேண்டின் கிடாரிஸ்ட் டுவேன் ஆல்மனுக்குத்தான் ஆல்பம் சமர்ப்பணம். சதர்ன் ராக் (அமெரிக்கத் தெற்கின் ராக்) விற்கும் கடையில் இந்தச் சரக்கை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

1973-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'சஃபிஷியன்ட்லி பிரெத்லெஸ்'ஸில் கால்ட்வெல் கிடையாது. மோசமில்லை, லத்தீன் தாளவாசனைகூட உண்டு. ஆனால் இதைக் கேட்ட சூட்டோடு அதைப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு வாரம் விடுங்கள்.