தலைசுற்றலும் தில்லைநகர் டாக்டரும்

நியூஜெர்சியில் எனக்கு உள்காதுக் கோளாறால் தலை சுற்றுகிற மெனியர் நோய் என்று சொன்ன காது மூக்கு தொண்டை டாக்டர், உப்பைக் குறைக்கச் சொல்லி நீர் பிரியும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். பல நாடுகளில் இந்த நோய்க்கு முதலில் எழுதுகிற பீட்டாஹிஸ்டின் மாத்திரை அமெரிக்காவில் சாதாரணக் கடையில் கிடைக்காது. ஒரு காலத்தில் அனுமதி கொடுத்துவிட்டு, பயன் நிரூபணம் ஆகவில்லை என்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். மருந்தைத் தாங்களே கலந்து செய்து தரும் சில பார்மசிகளில் வாங்கலாம். என் இன்ஷூரன்ஸ் அதற்குப் பணம் தர மறுத்துவிட்டது.

அதனால் இந்த முறை திருச்சிக்குப் போனபோது அங்கேயே காட்டிவிடலாம் என்று தில்லைநகரில் ஒரு ஈஎன்டி டாக்டரிடம் போனேன். முன்பதிவு ஐந்து மணிக்கு, டாக்டர் வந்தது ஏழுக்கு. அதை யாரும் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. டோக்கன் கொடுத்த பெண் மட்டும், "இப்ப வந்துருவாருங்க சார்" என்று சளைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனபிறகு காத்திருந்தது வீணில்லை என்று ஆகிவிட்டது. படுக்கையின் ஓரத்தில் உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று சாய்த்து, கண்மணி துடிக்கிறதா என்று உற்றுப் பார்த்தார். உள்காதில் சின்னக் கற்கள் இடம் மாறி வருகிற தலைசுற்றல் அப்படித் தெரிந்துவிடுமாம். அதற்கு மாத்திரையே வேண்டாம், தலையைச் சில நிலைகளில் திருப்பிக் கற்களை இருந்த இடத்துக்கு அனுப்பினால் போதும். எனக்கு அது இல்லை. அடுத்து அதே கட்டிடத்தில் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம், சில நூறு ரூபாய்தான். இடது காதில் தாழ்ந்த ஒலிகள்தான் குறைந்திருந்தன. மணிக்கணக்கில் சுற்றல், காது அடைப்பு, இரைச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்து, மெனியர்தான் என்றார். உள்காதுத் திரவம் அளவுக்கு மிஞ்சித் தேங்குவதுதான் கோளாறு.

பீட்டாஹிஸ்டின் 16 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. எனக்கு ஆஸ்துமா, வயிற்றுப்புண் உண்டா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார். "அமெரிக்காவில் இதை நம்பமாட்டார்களே டாக்டர்" என்றேன். சிரித்தார். 2016இல் ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வில் இந்த மாத்திரையும் வெற்று மாத்திரையும் ஒரே மாதிரிதான் பலன் தந்தன என்று அவரே சொன்னார். "பக்கவிளைவு கம்மி. மூணு மாசம் பாருங்க. குறையலைன்னா நிறுத்திடலாம், காதுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி இருக்கு." செவிப்பறை வழியாகப் போடுவது. ஜென்டாமைசின் ஊசியும் உண்டு, ஆனால் கேட்கும் திறனையே கெடுக்கலாம் என்பதால் அது கடைசியில்தானாம். மருந்தை விற்காமல் விளக்கிய டாக்டரைப் பார்த்ததே எனக்குப் பாதி குணம்.

உப்பு விஷயத்தில் மட்டும் ஊர் என்னைக் கைவிட்டது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றையும் இலையில் ஒதுக்கினால், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பெரியம்மா ஆரம்பித்துவிடுவார்.

மருந்து வாங்கப் போன கடையில் பார்த்ததுதான் பயமாக இருந்தது. ஒருவர் வந்து, "அம்மாவுக்குத் தலை சுத்துது" என்றார். வயதென்ன, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு கேள்வி இல்லை. பையன் தலைசுற்றல், வாந்திக்குக் கொடுக்கிற ஸ்டெமெட்டில் மாத்திரையை ஒரு அட்டை எடுத்து நீட்டிவிட்டான். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது. சுற்றல் உச்சத்தில் இருக்கிற ஓரிரு நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் போட்டால் வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு வரும். தலைசுற்றலுக்குக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான சின்னாரிசினும் அப்படித்தான். அந்த அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கூடிப்போயிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், யார் கண்டது?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு: ஆடியோகிராம் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அமெரிக்காவுக்குப் பீட்டாஹிஸ்டின் எடுத்துப் போவதென்றால் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், மூன்று மாதத் தேவைக்குமேல் இல்லாமல் கொண்டுபோங்கள். அங்கே அனுமதி இல்லாத மருந்து என்பதால் சுங்க அதிகாரி விட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைத்தான் பிரித்துக் காட்டச் சொன்னார்கள்.