துளைத் தரவைக் கொண்டு வெடிவைப்பைத் திட்டமிடும் சேவை: ஒரு மதிப்புரை

சங்ககிரி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நாங்கள் அமர்த்திய இச்சேவை, துளையிடும் இயந்திரம் இறங்கும் வேகம், சுழல்விசை, அழுத்தம் ஆகியவற்றை ஆழவாரியாகப் பதிந்து, பாறை எங்கே கடினம், எங்கே விரிசல் என்பதைத் துளைதோறும் காட்டுகிறது. அதற்கேற்ப வெடிமருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வெடித்ததில் பெரும்பாறைகள் குறைந்தன. அவற்றை உடைக்கும் இயந்திரமான பிரேக்கருக்கு வேலை குறைந்ததொன்றே, என் கணிப்பில், கொடுத்த கட்டணத்துக்கு ஈடாகும். விரிசலுள்ள துளைகளில் மருந்து குறைவதால் கல் பறப்பதும் அடங்கியிருக்கிறது.

அருகில் குடியிருப்புகள் உண்டு. 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வெண்ணில் நில அதிர்வின் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரம்பு. ஒரே தாமதத்தில், அதாவது ஒரே கணத்தில், வெடிக்கும் மருந்தைக் கணக்கிட இத்தரவு உதவுகிறது. ஆயினும் அதிர்வுமானியை விட்டுவிட முடியாது.

குறையும் உண்டு. துளையிடும் முனையான பிட் மழுங்கி வேகம் தளர்ந்தால், மென்பொருள் அதைக் கடினப் பாறையென்றே கொள்கிறது. பிட் மாற்றிய விவரத்தை ஓட்டுநர் உடனுக்குடன் பதியவேண்டும், திரையோ முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது.